செரீனாவா, ஸ்டெஃபியாவா, மார்ட்டினாவா: சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி எப்படி ஒப்பிடறதுனு பாத்துக்கங்க

பெண்கள் டென்னிஸ்ல யாரு பெஸ்ட்னு பேச்சு ஆரம்பிச்சா மூணாவது நிமிஷத்துல ஒருத்தர் 24ம்பாரு, இன்னொருத்தர் 23ம்பாரு, நடுவுல ஒரு ஆள் ஸ்டெஃபி 22 தான் ஆனா ஒரே வருஷத்துல நாலு பெரிய கப்பும் ஒலிம்பிக் தங்கமும், அதாவது கோல்டன் ஸ்லாம், அடிச்சவங்கப்பானு குறுக்க வருவாரு, அதோட டென்னிஸ் பேச்சு முடிஞ்சு போய் கணக்கு வாத்தியார் வேலை ஆரம்பிச்சிரும். மார்கரெட் கோர்ட் 24, செரீனா வில்லியம்ஸ் 23, ஸ்டெஃபி கிராஃப் 22, ஹெலன் வில்ஸ் 19, கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் ஆளுக்கு 18. கிராண்ட் ஸ்லாம்னா ஆஸ்திரேலியன் ஓபன், பாரிஸ்ல நடக்கற ஃப்ரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், யூஎஸ் ஓபன்னு நாலு பெரிய டோர்னமென்ட், அதுல சிங்கிள்ஸ் ஜெயிச்ச பட்டியல் இவ்ளோதான், எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா இத மட்டும் வச்சு யாரு மேலனு சொல்றது அரிசிய படில அளந்துட்டு பருப்ப கிலோல நிறுத்திட்டு எது ஜாஸ்தினு கேக்கற கதை. ஒவ்வொருத்தரும் ஆடின காலம் வேற, போன டோர்னமென்ட் வேற, போகாம விட்டது அதவிட வேற.

நான் எப்படி ஒப்பிடறேன்னு கீழ எழுதறேன். இதுலயும் கடைசில ஆளுக்கு ஒரு முடிவு தான் வரும், ஆனா எதுக்காக அந்த முடிவுனு சொல்லத் தெரியும், அது போதும்.

மொதல்ல என்ன கேக்கறோம்னு முடிவு பண்ணுங்க

யாரு பெஸ்ட்ங்கறதுக்குள்ள நாலஞ்சு கேள்வி இருக்கு. ஒரு வருஷம் எடுத்துக்கிட்டா யாரு ஆட்டம் உச்சம்? மொத்த கரியர்ல யாரு அதிகம் சாதிச்சாங்க? சிங்கிள்ஸ், டபுள்ஸ், மிக்ஸ்டு (ஆணும் பெண்ணும் ஜோடியா ஆடறது) எல்லாம் சேத்தா யாரு? இந்த விளையாட்டையே மாத்தினது யாரு? இந்த நாலுக்கும் நாலு வேற பேர் வரும், அதுல தப்பே இல்ல. பாதி சண்டை எப்படி வருதுனா ஒருத்தர் மொத கேள்விக்குப் பதில் சொல்றாரு, எதிர்ல இருக்கறவர் ரெண்டாவதுக்குப் பதில் சொல்றாரு, ரெண்டு பேரும் சரி, ரெண்டு பேரும் கத்திட்டு இருப்பாங்க.

அப்பறம் இன்னொரு கேள்வி உண்டு, கோர்ட்டையும் செரீனாவையும் நேரா மோத விட்டா யாரு ஜெயிப்பானு. இத சிம்பிளா தூக்கிப் போட்ருங்க. ஒருத்தர் மர ராக்கெட், இன்னொருத்தர் கிராஃபைட் ராக்கெட்டு, பாலியஸ்டர் ஸ்ட்ரிங், கூடவே ஃபிட்னஸ் ஆளுங்க. 1974 வரைக்கும் நாலு கிராண்ட் ஸ்லாம்ல மூணு புல்தரைல நடந்துச்சு, யூஎஸ் ஓபன் 1975ல க்ளேக்கு (மண் தரை) மாறி 1978ல ஹார்ட் கோர்ட்டுக்கு (கெட்டித் தரை) வந்துச்சு, ஆஸ்திரேலியா 1988ல தான் புல்ல விட்டுச்சு. விளையாட்டே வேற. அதனால அவங்கவங்க காலத்துல கூட ஆடினவங்கள விட எவ்ளோ தூரம் முன்னாடி இருந்தாங்கனு மட்டும் பாருங்க, அது தான் காலம் தாண்டி அளக்கக் கூடிய ஒரே விஷயம்.

ஜெயிச்சத விட போகாதத எண்ணுங்க

ஒரு ப்ளேயரோட கிராண்ட் ஸ்லாம் ரிசல்ட் டேபிள் எங்கயும் கிடைக்கும், வருஷம் வாரியா கட்டம் கட்டமா இருக்கும். எல்லாரும் கப் ஜெயிச்ச கட்டத்த மட்டும் எண்ணுவாங்க. நீங்க காலியா இருக்கற கட்டத்த, அதாவது ஆடவே போகாத டோர்னமென்ட்ட எண்ணுங்க, அப்பதான் உண்மையான கதை தெரியும்.

கிறிஸ் எவர்ட்ட எடுத்துக்கங்க. ஃப்ரெஞ்ச் ஓபன் 1974, 1975 ரெண்டும் ஜெயிச்சாங்க. 1976, 77, 78 மூணு வருஷமும் கட்டம் காலி. திரும்ப 1979, 1980 ரெண்டும் ஜெயிச்சாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னா அமெரிக்காவுல வேர்ல்ட் டீம் டென்னிஸ்னு ஒரு லீக் அதே சமயத்துல நடந்துச்சு, அதுல ஆடினாங்க, அதனால பாரிஸ் போகல. அந்த மூணு வருஷம் கப் வாங்கினது சூ பார்க்கர், மிமா யாவுஷோவெச், விர்ஜினியா ரூசிச்சி. இதுல கவனிக்க வேண்டியது, 1973 ஆகஸ்ட்ல இருந்து 1979 மே வரைக்கும் க்ளேல எவர்ட் ஒரு மேட்ச் கூட தோக்கல, தொடர்ச்சியா 125 மேட்ச், ரோம்ல டிரேசி ஆஸ்டின் தான் அத முடிச்சு வச்சாங்க. அந்த ஓட்டத்துக்கு நடுவுல தான் இந்த மூணு காலி கட்டமும் வருது. மூணையும் எவர்ட் கணக்குல சேத்துக்கோங்கனு நான் சொல்லல, ஆடாத மேட்ச்ச யாருக்கும் எழுதக் கூடாது. ஆனா 18ங்கற நம்பர் எப்படி வந்துச்சுனு தெரிஞ்சிருக்கணும். ஆஸ்திரேலியாவும் அப்படித்தான், 1974ல ஒரு தடவை போய் ஃபைனல்ல ஈவான் கூலகாங்கிட்ட தோத்தாங்க, அப்பறம் 1981 வரைக்கும் அந்தப் பக்கமே போகல. மார்ட்டினாவும் 1976ல இருந்து 1980 வரைக்கும் பாரிஸ் போகல. அந்தக் காலத்துல கிராண்ட் ஸ்லாம் எண்ணிக்கைய யாரும் இவ்ளோ பெருசா பாக்கல, விம்பிள்டனும் யூஎஸ் ஓபனும் தான் பெருசு, மத்ததெல்லாம் வசதிப்பட்டா போவாங்க. இன்னிக்கு நம்ம வச்சிருக்கற அளவுகோல் அவங்க ஆடும்போது இல்லவே இல்ல.

மார்கரெட் கோர்ட் கதை இதுக்கு நேர் எதிர். அவங்க 24ல 11 ஆஸ்திரேலியால ஜெயிச்சது, 1960ல இருந்து 1966 வரைக்கும் வரிசையா ஏழு. அமெரிக்கா ஐரோப்பால இருந்து பெரிய ப்ளேயர்ஸ் பல பேர் அவ்ளோ தூரம் வரவே மாட்டாங்க, டிராவும், அதாவது ஆடற ஆளுங்க பட்டியலும், சின்னது. இத வச்சு அந்த 11ஐயும் குப்பைனு தள்றவங்க நெறைய பேர், அதுவும் தப்பு. 1965 ஃபைனல்ல எதிர்ல இருந்தது மரியா புவேனோ, 1969ல பில்லி ஜீன் கிங். ரெண்டு பேரும் லேசுப்பட்டவங்க இல்ல. அந்த 11ஐ முழுசா தூக்கினாலும் மிச்சம் 13 இருக்கு, பாரிஸ் 5, விம்பிள்டன் 3, அமெரிக்கா 5. வெறும் 13 வச்சிருந்தாலே அவங்க பெரிய லிஸ்ட்ல தான் இருப்பாங்க. 1970ல நாலையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சாங்க, அந்த விம்பிள்டன் ஃபைனல்ல கிங்க 14-12, 11-9னு ஜெயிச்சது இன்னிக்குப் படிச்சாலும் மூச்சு வாங்கும், செட்ட சீக்கிரம் முடிக்கற டைபிரேக் விம்பிள்டனுக்கு அப்ப வரவே இல்ல. 1972ல குழந்தை பொறந்து, 1973ல திரும்ப வந்து நாலுல மூணு ஜெயிச்சாங்க. இத சொல்லாம கோர்ட்ட ஓரங்கட்டறது நியாயமே இல்ல.

இன்னொன்னு, ஓபன் எராவுக்கு முன்னாடி, அதாவது 1968ல ப்ரொஃபஷனல் ஆளுங்களையும் கிராண்ட் ஸ்லாம்ல ஆட விட்டதுக்கு முன்னாடி, ஜெயிச்சதெல்லாம் கணக்குல வராதுனு ஒரு வாதம் இருக்கு. கோர்ட்டோட 24ல 13 அப்படி 1968க்கு முன்னாடி வந்தது, அதனால 11 தாங்கறாங்க. இந்த வாதம் ஆண்கள் பக்கத்துல ரொம்ப செல்லும், ராட் லேவர் மாதிரி ஆளுங்க ப்ரொஃபஷனல் ஆன உடனே அஞ்சு வருஷம் கிராண்ட் ஸ்லாம்ல கால் வைக்க முடியல. பெண்கள் பக்கம் 1960கள்ல அந்த மாதிரி பெரிய ப்ரொஃபஷனல் கூட்டமே இல்ல, நல்லா ஆடறவங்க கிட்டத்தட்ட எல்லாரும் அமெச்சூரா தான் இருந்தாங்க. அதனால ஓபன் எரா கோடு பெண்கள் டென்னிஸ்ல அவ்ளோ அழுத்தமா போடக் கூடாதுங்கறது என் கட்சி. ஆஸ்திரேலியா டிரா சின்னதுங்கற பாயின்ட் நிக்கும், ஓபன் எரா பாயின்ட் நிக்காது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

எத்தன தடவை ஆடினாங்க, எத்தன தடவை ஜெயிச்சாங்க

இது சின்ன வகுத்தல் தான், ஆனா கண்ணைத் திறந்து விடும். கோர்ட் 47 கிராண்ட் ஸ்லாம் ஆடி 24, அதாவது ரெண்டுக்கு ஒன்னு. கிராஃப் 54ல 22. எவர்ட் 56ல 18. மார்ட்டினா 67ல 18. செரீனா 81ல 23. அமெரிக்கால மொரீன் கானலினு ஒரு பொண்ணு, 11ல 9. 1953ல நாலையும் ஒரே வருஷத்துல ஜெயிச்ச முதல் பெண் அவங்கதான். 1954 ஜூலைல குதிரை ஓட்டும்போது லாரி மோதி கால் போச்சு, 19 வயசுலயே டென்னிஸ் முடிஞ்சிருச்சு.

இத பாத்த உடனே செரீனா கம்மிதானப்பானு தோணும். அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். இந்த சதவீதம் சீக்கிரம் நிறுத்தினவங்களுக்கு சாதகம், ரொம்ப நாள் ஆடினவங்களுக்கு அபராதம். கானலி 30 வயசு வரைக்கும் ஆடியிருந்தா 82 சதவீதம் நின்னிருக்காது. மார்ட்டினா 2004ல, 47 வயசுல, சும்மா ஆசைக்கு பாரிஸ்லயும் விம்பிள்டன்லயும் சிங்கிள்ஸ் ஆடினாங்க, விம்பிள்டன்ல மொத ரவுண்ட 6-0, 6-1னு ஜெயிச்சாங்க. அந்த வயசுல அது எவ்ளோ பெரிய விஷயம், ஆனா சதவீதக் கணக்குல ரெண்டும் தோல்வினு ஏறிடும். அதனால உச்சத்த அளக்க மட்டும் இத வச்சுக்கங்க, மொத்த கரியருக்கு இத எடுக்காதீங்க.

எவர்ட்டுக்கு மட்டும் இதுல ஒரு தனி கட்டம் போடணும். 56 கிராண்ட் ஸ்லாம்ல 52ல செமி ஃபைனலோ அதுக்கு மேலயோ போயிருக்காங்க. முதல் 34 கிராண்ட் ஸ்லாம்ல ஒன்னுல கூட செமிக்கு முன்னாடி தோக்கல, 1983 விம்பிள்டன்ல மூணாவது ரவுண்ட்ல கேத்தி ஜோர்டான்கிட்ட தோத்ததுதான் முதல் தடவை. 1974ல இருந்து 1986 வரைக்கும் 13 வருஷம், ஒவ்வொரு வருஷமும் குறைஞ்சது ஒரு கிராண்ட் ஸ்லாம். இந்த சண்டைல எவர்ட் பேர யாரும் எடுக்கறதே இல்ல, அது எனக்குப் புரியவே இல்ல.

உச்ச வருஷத்த எப்படி அளக்கறது

1988 கிராஃப்னு எல்லாரும் சட்டுனு சொல்வாங்க. நாலு கிராண்ட் ஸ்லாமும் சியோல் ஒலிம்பிக்ஸ் தங்கமும் ஒரே வருஷத்துல, அதுவும் 19 வயசுல, ஹார்ட் கோர்ட், க்ளே, புல் எல்லாத்துலயும். வீல்சேர் டென்னிஸ விட்டுட்டுப் பாத்தா, ஆணோ பெண்ணோ சிங்கிள்ஸ்ல வேற யாரும் ஒரே காலண்டர் வருஷத்துல அத செய்யல. பாரிஸ் ஃபைனல்ல நடாஷா ஸ்வெரேவாவ 6-0, 6-0னு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல எடுத்து முடிச்சாங்க, டிக்கெட் வாங்கினவங்க உக்காந்து சாஞ்சுக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். ஆனா அந்த வருஷத்தோட உண்மையான மேட்ச் விம்பிள்டன் ஃபைனல். எதிர்ல மார்ட்டினா, அதுக்கு முன்னாடி ஆறு வருஷமும் வரிசையா அங்க ஜெயிச்சவங்க. முதல் செட் 7-5 மார்ட்டினாவுக்கு, ரெண்டாவது செட்ல 2-0னு முன்னாடி வேற. அங்க இருந்து கிராஃப் அடுத்த 13 கேம்ல 12 எடுத்தாங்க, 5-7, 6-2, 6-1. புல்தரைல, மார்ட்டினாவ. அந்த மேட்ச்ச பாத்தீங்கன்னா 22ங்கற நம்பரே வேண்டாம், ஃபோர்ஹேண்ட் போதும்.

இப்ப இன்னொரு வருஷத்த பக்கத்துல வைங்க. 1983ல மார்ட்டினா 87 மேட்ச் ஆடி 86 ஜெயிச்சாங்க. தோத்தது ஒன்னே ஒன்னு, ஃப்ரெஞ்ச் ஓபன் நாலாவது ரவுண்ட்ல, 17 வயசு கேத்தி ஹோர்வாத்கிட்ட. அடுத்த வருஷம் 78 ஜெயிச்சு 2 தோத்தாங்க, நடுவுல தொடர்ச்சியா 74 வெற்றி. 1983 விம்பிள்டன்ல இருந்து 1984 யூஎஸ் ஓபன் வரைக்கும் வரிசையா ஆறு கிராண்ட் ஸ்லாம். அப்ப ஆஸ்திரேலியன் ஓபன் டிசம்பர்ல வருஷக் கடைசில நடந்துச்சு, அத ஜெயிச்சிருந்தா 1984லயே காலண்டர் ஸ்லாம் (ஒரே வருஷத்துல நாலும்), செமில ஹெலனா சுகோவா குறுக்க வந்துட்டாங்க. கிராஃப் 1988ல 72 ஜெயிச்சு 3 தோத்தாங்க. அப்ப யாரோட வருஷம் பெருசு? மேட்ச் கணக்குனா 1983 மார்ட்டினா. பெரிய டோர்னமென்ட்னா 1988 கிராஃப், அவங்க தோத்த மூணும் கிராண்ட் ஸ்லாம்ல இல்ல. நான் கிராஃப் பக்கம், ஏன்னா எந்த வாரம் தோக்கக் கூடாதுங்கறதும் ஒரு திறமைதான்.

நேருக்கு நேர் கணக்கு: பிரிச்சுப் பாக்காம நம்பாதீங்க

மார்ட்டினாவும் எவர்ட்டும் 80 தடவை மோதினாங்க, அதுல 60 ஃபைனல். மார்ட்டினா 43, எவர்ட் 37. சரி, மார்ட்டினா மேலனு மூடிட்டு போயிடலாமா? கொஞ்சம் பொறுங்க. க்ளேல மட்டும் எடுத்தா எவர்ட் 11, மார்ட்டினா 3. புல்லுல மார்ட்டினா 10, எவர்ட் 5. 80ல க்ளே மேட்ச் வெறும் 14, மிச்சம் பெரும்பாலும் இண்டோர் கார்பெட்டு, ஹார்ட் கோர்ட்டு, புல்லு. டூர் கேலண்டர் எப்படி இருந்துச்சோ அப்படி ஸ்கோர் வந்துருக்கு, க்ளே சீசன் இன்னும் நீளமா இருந்திருந்தா இந்த 43-37 எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்னு நீங்களே யோசிங்க.

காலத்தையும் பிரிக்கணும். ஆரம்பத்துல எவர்ட் தூக்கிச் சாப்ட்டாங்க, முதல் 24 மேட்ச்ல 20 அவங்களுக்கு. அப்பறம் மார்ட்டினா உடம்ப முழுசா மாத்திக்கிட்டு, வெயிட் டிரெயினிங், டயட்னு அன்னிக்கு யாரும் பண்ணாததெல்லாம் பண்ணி வந்தாங்க, ஒரு கட்டத்துல வரிசையா 13 தடவை எவர்ட்ட ஜெயிச்சாங்க. 1984 விம்பிள்டன் ஃபைனல் முடிஞ்சப்ப ஸ்கோர் 30-30. அடுத்து 1985 பாரிஸ் ஃபைனல்ல எவர்ட் 6-3, 6-7, 7-5னு திருப்பிக் குடுத்தாங்க, 30 வயசுல. இத ஒரே நம்பரா சுருக்கினா பதினஞ்சு வருஷக் கதை போச்சு.

சில கணக்கு ரொம்ப நேரா இருக்கும், அத மதிங்க. செரீனா ஷரபோவாவ 22ல 20 தடவை ஜெயிச்சாங்க, ஷரபோவாவோட ரெண்டு வெற்றியும் 2004ல வந்தது, அதுக்கப்பறம் ஒன்னு கூட இல்ல. சில கணக்கு சும்மா, கிராஃபும் செரீனாவும் 1999ல ரெண்டு தடவை மோதி 1-1, ஒருத்தர் கிளம்பற நேரம், இன்னொருத்தர் வர்ற நேரம். இத வச்சு யாராவது வாதம் பண்ணா சிரிச்சுட்டு விட்ருங்க.

மோனிகா செலஸ் விஷயம்

ஸ்டெஃபி பேர் வந்தா இது வந்தே தீரும், அதனால எப்படிப் பேசறதுனு தெரிஞ்சு வச்சுக்கங்க. 1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க், செலஸ் குவார்ட்டர் ஃபைனல் ஆடிட்டு இருக்காங்க, கேம் மாறும்போது நாற்காலில உக்காந்திருந்தப்ப கூட்டத்துல இருந்து ஒருத்தன் வந்து முதுகுல கத்தியால குத்திட்டான். ஸ்டெஃபி நம்பர் ஒன் ஆகணும்ங்கறது அவனோட வெறி. செலஸுக்கு அப்ப 19 வயசு. ரெண்டு வருஷத்துக்கு மேல டென்னிஸ் ஆட வரல, 1995 ஆகஸ்ட்ல தான் திரும்ப வந்தாங்க.

அதுக்கு முன்னாடி என்ன நடந்துட்டு இருந்துச்சுனு பாருங்க. 1990 ஃப்ரெஞ்ச் ஓபன்ல இருந்து 1993 ஆஸ்திரேலியன் ஓபன் வரைக்கும் 12 கிராண்ட் ஸ்லாம். செலஸ் 8, கிராஃப் 2, மார்ட்டினா 1, சபாட்டினி 1. கிராஃப் ஜெயிச்ச ரெண்டும் விம்பிள்டன். குத்துப்பட்டதுக்கு அப்பறம் வந்த நாலு கிராண்ட் ஸ்லாமும் கிராஃப் ஜெயிச்சாங்க. கிராஃபோட 22ல 11 அதுக்கு முன்னாடி, 11 அதுக்குப் பின்னாடி.

இத வச்சு ஸ்டெஃபிய பாதியா வெட்டறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஆள் பண்ணதுக்கு ஸ்டெஃபி என்ன பண்ணுவாங்க, எதிர்ல யாரு வந்தாங்களோ அவங்கள ஜெயிச்சாங்க. மொத்தமா ரெண்டு பேரும் மோதினதுல கிராஃப் 10-5னு முன்னாடி தான், 1992 விம்பிள்டன் ஃபைனல்ல 6-2, 6-1னு அடிச்சாங்க. அதே சமயம் செலஸ்க்கு வெறும் 9 தானனு லிஸ்ட்ல கீழ தள்றதும் கொடுமை. என் வழி இது தான்: யாருக்கும் கற்பனைக் கப் குடுக்காதீங்க, யார்கிட்ட இருந்தும் புடுங்காதீங்க, ஆனா 20 வயசுக்குள்ள உச்சம் யாருனு கேள்வி வந்தா செலஸ் பேர தயங்காம சொல்லுங்க.

ரேங்கிங், காசு, டைட்டில் இதெல்லாம்

வேகமா சொல்லிடறேன். நம்பர் ஒன் வாரம், கிராஃப் 377, மார்ட்டினா 332, செரீனா 319, எவர்ட் 260. கம்ப்யூட்டர் ரேங்கிங் வந்ததே 1975 நவம்பர்ல, அதனால மார்கரெட் கோர்ட்டுக்கும் பில்லி ஜீன் கிங்குக்கும் இதுல நியாயம் கிடைக்கவே கிடைக்காது. 1997 வரைக்கும் ஆவரேஜ் கணக்கு, அப்பறம் பாயின்ட் கூட்டல், அதுவும் ஒன்னா ஒப்பிட முடியாது. பரிசுப் பணத்த தொடவே தொடாதீங்க, 1973 யூஎஸ் ஓபன் ஜெயிச்ச கோர்ட்டுக்கு 25,000 டாலர், 2025ல அதே கப்புக்கு 50 லட்சம் டாலர். மொத்த சிங்கிள்ஸ் டைட்டில்ல மார்ட்டினா 167, கிராஃப் 107, செரீனா 73. செரீனா சாதா டோர்னமென்ட்ல கம்மியா தான் ஆடுவாங்க, அது பலவீனமா புத்திசாலித்தனமாங்கறது உங்க முடிவு.

டபுள்ஸ சேக்கறதா வேண்டாமா

சேத்தா இந்த மொத்த லிஸ்டும் தலைகீழாகும். சிங்கிள்ஸ், டபுள்ஸ், மிக்ஸ்டு எல்லாம் கூட்டினா கோர்ட் 64, மார்ட்டினா 59, செரீனா 39, பில்லி ஜீன் கிங் 39. கிராஃப் 23, ஏன்னா டபுள்ஸ் ஒன்னே ஒன்னு, 1988 விம்பிள்டன், சபாட்டினி கூட. எவர்ட் 21. மார்ட்டினாவோட 59ல 31 பெண்கள் டபுள்ஸ். கடைசிக் கப்பு 2006 யூஎஸ் ஓபன் மிக்ஸ்டு, 50ஐத் தொட ஒரு மாசம் இருக்கும்போது. அதுக்கு முன்னாடி 2003ல நம்ம லியாண்டர் பயஸ் கூட சேந்து ஆஸ்திரேலியன் ஓபன், விம்பிள்டன் ரெண்டு மிக்ஸ்டும் அடிச்சாங்க. லியாண்டர் சின்ன வயசுல மெட்ராஸ்ல அமிர்தராஜ் அகாடமில பழகினவர்ங்கறதால சென்னை டென்னிஸ் ஆளுங்க இன்னிக்கும் அத கொஞ்சம் சொந்தமா பேசுவாங்க, பேசட்டும். செரீனாவும் அவங்க அக்கா வீனஸும் கிராண்ட் ஸ்லாம் டபுள்ஸ் ஃபைனல் 14 ஆடி 14ம் ஜெயிச்சாங்க, அதையும் மறக்காதீங்க.

முழு டென்னிஸ் ப்ளேயர் யாருனு கேட்டா எனக்கு மார்ட்டினா தான். கோர்ட் 64 பெருசு தான், ஆனா சர்வ், வாலி, டபுள்ஸ் மூளை, உடம்ப தயார் பண்ற விதம், இவ்ளோ விஷயத்துல பின்னாடி வந்தவங்க காப்பி அடிச்சது மார்ட்டினாவ.

பில்லி ஜீன் கிங்க வேற நோட்டுல எழுதுங்க. சிங்கிள்ஸ் 12 தான், அத வச்சு மேல இருக்கறவங்க கூட நிறுத்தினா அவங்களுக்கும் அநியாயம், நமக்கும் புரியாது. 1970ல ஹூஸ்டன்ல ஒன்பது பேர் ஒரு டாலர் காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டு தனி டூர் ஆரம்பிச்சாங்க, கிங் அதுல முக்கியமான ஆள். 1973ல பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவ ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் யூஎஸ் ஓபன் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமா பரிசு குடுத்துச்சு, விம்பிள்டன் அதுக்கு 2007 வரைக்கும் நேரம் எடுத்துக்கிச்சு. அதே 1973 செப்டம்பர்ல பழைய ஆண்கள் சாம்பியன் பாபி ரிக்ஸ 6-4, 6-3, 6-3னு ஜெயிச்சாங்க, சும்மா வேடிக்கை மேட்ச்தான், ஆனா அதுக்கு நாலு மாசம் முன்னாடி அதே ரிக்ஸ்கிட்ட கோர்ட் 6-2, 6-1னு தோத்திருந்தாங்க, அதனால கிங் தோத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. முக்கியத்துவம்ங்கற கேள்விக்கு வேற பதிலே இல்ல.

ஒரு ஒப்பீடு செஞ்சு காட்டறேன்: ஸ்டெஃபியும் செரீனாவும்

கேள்வி, மொத்த சிங்கிள்ஸ் கரியர். கட்டத்தப் பாருங்க. கிராஃப் ஆஸ்திரேலியா 4, பாரிஸ் 6, விம்பிள்டன் 7, யூஎஸ் 5. செரீனா அதே வரிசைல 7, 3, 7, 6. எல்லா இடத்துலயும் நாலுக்குக் குறையாம ஜெயிச்சது கிராஃப் ஒருத்தர் தான், ஓட்டையே இல்ல. செரீனாவுக்கு பாரிஸ் கொஞ்சம் இடிக்கும்.

வயச வச்சுப் பாருங்க, இங்கதான் சுவாரஸ்யம். 30 வயசு ஆகும்போது கிராஃப் 22, செரீனா 13. கிராஃப் 1999 ஆகஸ்ட்ல ரிட்டயர் ஆனாங்க, அடுத்த மாசமே 17 வயசு செரீனா ஹிங்கிஸ ஜெயிச்சு முதல் யூஎஸ் ஓபன் வாங்கினாங்க. அந்த செரீனா 30க்கு அப்பறம் மட்டும் 10 வாங்கினாங்க. கடைசி 2017 ஆஸ்திரேலியா, 35 வயசு, வயித்துல குழந்தையோட. குழந்தை பொறந்து வந்த பிறகு 2018, 2019ல விம்பிள்டன், யூஎஸ் ஓபன்னு நாலு ஃபைனல், நாலும் தோல்வி, கெர்பர், ஒசாகா, ஹாலெப், ஆண்ட்ரீஸ்கு. அந்த நாலுல ஒன்னு ஜெயிச்சிருந்தா 24, இந்த சண்டைல பாதி இருந்திருக்காது. ஆனா தோத்த ஃபைனலயும் சாதனைப் பக்கமே நான் எழுதுவேன், 37 வயசுல ஃபைனல் வரைக்கும் போறவங்க எத்தன பேர்?

எதிராளிங்களையும் பாருங்க. செரீனா ஜெயிச்ச 23 ஃபைனல்ல ஏழுல எதிர்ல இருந்தது வீனஸ், ஏழு கிராண்ட் ஸ்லாம் ஜெயிச்ச ஆளு, கூடவே ஒரே வீட்ல வளந்த அக்கா, சர்வ் எங்க போடுவாங்கனு ரெண்டு பேருக்கும் தெரியும். கிராஃப் எவர்ட், மார்ட்டினா கடைசிக் காலத்துல ஆரம்பிச்சு, செலஸ், சஞ்சஸ் விகாரியோ தாண்டி, ஹிங்கிஸ் வரைக்கும் வந்து 1999 பாரிஸ்ல ஹிங்கிஸையும் ஜெயிச்சுட்டுப் போனாங்க. ரெண்டுமே கனமான லிஸ்ட். உச்சம்னா ஸ்டெஃபி, நீளம்னா செரீனா, மொத்தமா ஒரு பேர் சொல்லித் தொலைனு கேட்டா நான் செரீனாவ ஒரு மயிரிழைல முன்னாடி வைப்பேன், 17 வயசுலயும் 35 வயசுலயும் ரெண்டு வேற தலைமுறைய ஜெயிச்சதுக்காக. நீங்க ஸ்டெஃபினு சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன். வெறும் 24 தான் பெருசுனு சொன்னா வருவேன்.

இப்ப ஆடறவங்கள இந்த லிஸ்ட்ல நுழைக்க அவசரப்படாதீங்க. ஷ்வியான்டெக் 2025 விம்பிள்டன் ஃபைனல்ல அனிசிமோவாவ 6-0, 6-0னு அடிச்ச உடனே அடுத்த ஸ்டெஃபினு எழுதினாங்க. அதோட அவங்களுக்கு 6 ஆச்சு, அதுல 4 பாரிஸ். இன்னும் ஆஸ்திரேலியா காலியா இருந்துச்சு அப்ப. சபலென்காவுக்கு 2025 முடியும்போது 4, எல்லாமே ஹார்ட் கோர்ட். ரெண்டு பேருக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சுக்கங்க, வருஷத்துக்கு நாலு கட்டம், ஆடினது, ஆடாதது, தோத்தது எந்த ரவுண்டு, யார்கிட்ட. இன்னும் பத்து வருஷம் கழிச்சு சண்டை வரும்போது அந்த நோட்டு கைல இருக்கும்.